பழைய காரில் ஸ்டியரிங் லாக் சிக்கிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சாவி துளைக்குள் போகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. ஸ்டியரிங்கும் கல் மாதிரி கிடக்கிறது. இந்த நேரத்தில் கை தானாகவே சாவியை இன்னும் பலமாகத் திருகப் பார்க்கும். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

நான் அப்படிச் செய்திருக்கிறேன். அவசரத்தில் கொறடு வைத்துத் திருகினேன், சாவி பாதியில் முறிந்தது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. முன் டயர் ஒரு கல்லில் முட்டிச் சாய்ந்து நின்றிருந்தது, அவ்வளவுதான். அரை நிமிடத்தில் தீர வேண்டியது மூன்று நாள் வேலையானது. அதனால்தான் சொல்கிறேன்: எது சிக்கியிருக்கிறது என்று தெரியும்வரை பலத்தைக் காட்டக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டில் ஒரு வளையம் இருக்கும், அதில் பள்ளம் வெட்டியிருக்கும். சில கார்களில் ஒரே பள்ளம், சிலவற்றில் சுற்றிலும் பல. இக்னிஷன் பூட்டின் கூட்டுக்குள் தடித்த இரும்புத் தாழ் ஒன்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கும். சாவியை லாக் நிலைக்குக் கொண்டுவந்து உருவியதும் அந்தத் தாழ் வெளியே வந்து தண்டின்மேல் அழுந்தி நிற்கும். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினால் பள்ளம் நேராக வரும், தாழ் டக்கென்று அதற்குள் விழும். மறுபடி சாவி போட்டுத் திருப்பும்போது சிலிண்டரின் பின்முனையில் உள்ள மேடு ஒன்று தாழைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

ஆக, அந்த ஒரு சாவித்துளைக்குப் பின்னால் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன: சாவி நுழையும் சிலிண்டர், தண்டைப் பிடிக்கும் தாழ், மின்சாரத்தைத் திறக்கும் ஸ்விட்ச். மூன்றில் எது கெட்டாலும் "சாவி வேலை செய்யவில்லை" என்றுதான் நமக்குத் தோன்றும். கீழே வரும் அறிகுறிகள் அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான்.

சாவி முழுதாகப் போகிறது, திரும்பவில்லை; ஸ்டியரிங்கும் பூட்டிக் கிடக்கிறது

பெரும்பாலும் இதுதான் நடக்கும், பெரும்பாலும் இதில் எதுவும் உடைந்திருக்காது. நிறுத்தும்போது சக்கரம் ஒரு பக்கம் ஒடித்த நிலையில் இருந்திருக்கும், அல்லது டயர் ஓரக்கல்லில் அழுந்தி நிற்கும். முறுக்கப்பட்ட டயர் ரப்பர் நேராகத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசை தண்டு வழியாக மேலேறி, தாழைப் பள்ளத்தின் ஒரு சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது சாவியின் சின்னத் திருகலால் தாழை இழுக்க முடியாது. ஒரு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கப் பார்ப்பது போலத்தான் இது.

வழி இரண்டு கையிலும் இருக்கிறது. முதலில் சாவியைத் தொடாமல் ஸ்டியரிங்கை மட்டும் இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சுவரில் முட்டியது போல உடனே நிற்கும். மறுபக்கம் கொஞ்சம், ஒரு விரல் அகலம்தான், மெத்தென்று இடம் கொடுக்கும். அந்த இடம் கொடுக்கும் பக்கம்தான் நமக்கு வேண்டியது. ஒரு கையால் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இழுத்து, அது மறு சுவரில் முட்டுவதற்கு முன்னால், நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே மறு கையால் சாவியைச் சாதாரண பலத்தில் திருப்புங்கள். நடுப்புள்ளியில் தாழின் இரு பக்கமும் சுமை இல்லாமல் போகும், சாவி வெண்ணெய் மாதிரித் திரும்பும்.

பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஸ்டியரிங்கை வேகமாக இரண்டு பக்கமும் குலுக்கிக்கொண்டே சாவியைத் திருகுவார்கள். அப்போது தாழ் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்ப் போய் முட்டுகிறது, நடுவில் நிற்கும் நேரம் கிடைப்பதே இல்லை. மெதுவாக, அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். சாவியில் மென்மையான திருகலை விடாமல் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை மட்டும் மிக மெல்ல நகர்த்தினால் சரியான புள்ளி வந்ததும் கைக்குத் தெரியும்.

இதற்கும் அசையாவிட்டால் டயரின் சுமையையே எடுத்துவிடலாம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஓரக்கல்லில் அழுந்திய முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். டயர் தரையை விட்டதும் பெரும்பாலும் முறுக்கு அவிழும். இப்போது சாவியைத் திருப்பினால் போதும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குக் கீழே யாரும் போக வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். என்ஜின் அணைந்திருக்கும்போது பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங் மிகக் கனமாக இருக்கும். அது பூட்டு இல்லை. பூட்டினால் ஒரு புள்ளியில் இரும்போடு இரும்பு மோதி நிற்கும். கனம் என்றால் முக்கித் திருப்பினால் மெல்லமாவது நகர்ந்துகொண்டே போகும். சாவி ஆன் நிலைக்கு வந்துவிட்டு ஸ்டியரிங் கனமாக மட்டும் இருந்தால் என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டியரிங்கில் சுமை இல்லை, ஆனாலும் சாவி திரும்பவில்லை; அல்லது சில நேரம் மட்டும் திரும்புகிறது

ஸ்டியரிங் நடுவில் தளர்வாக நிற்கிறது, சாவி மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் தாழை விட்டுவிட்டுச் சாவியையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே தலைமுடி போன்ற ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் சுழலும். ஒரே ஒரு தகடு கால் மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் சுழலாது. இருபது வருடம் ஓடிய காரில் சாவியும் தேய்ந்திருக்கும், தகடுகளும் தேய்ந்திருக்கும். சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெட்டுகளின் முனைகள் மழுங்கி, கடற்கரைக் கூழாங்கல் போல உருண்டிருப்பது தெரியும்.

தேய்ந்தது எது என்று கண்டுபிடிக்க, வீட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் குற்றம் பழைய சாவியின் மேல். இரண்டாவது சாவி இல்லையென்றால் கதவில் போட்டுப் பாருங்கள். கதவில் வழுக்கிக்கொண்டு திரும்பி, இக்னிஷனில் மட்டும் மறுத்தால் சிலிண்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் தடுமாறினால் சாவி.

தேய்ந்த சாவியை வைத்தே அன்றைக்கு வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும். சாவியை முழுதாக உள்ளே தள்ளி, பிறகு அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே இழுத்து, மென்மையாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு உள்ள சாவி என்றால் புரட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கலாம். லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, சாவியின் தலையை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டினாலும் சிக்கிய தகடு சில நேரம் இறங்கிவிடும். தட்டுவது என்றால் கதவைத் தட்டுவது போலத்தான், சுத்தியல் வேண்டாம். ஸ்டியரிங் கம்பம் (தண்டும் அதைச் சுற்றிய உறையும்) விபத்தில் மடங்கிச் சுருங்கும்படி செய்யப்பட்டது, பலத்த அடி அதற்கு ஆகாது. ஏர்பேக் உள்ள காரில் அந்தப் பக்கமே சுத்தியலைக் கொண்டுபோகக் கூடாது.

வண்டி கிளம்பிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். சாவி திரும்பும் சிலிண்டரைக் கழற்றுவது பல கார்களில் சில நிமிட வேலை: சாவியை லாக்கிலிருந்து முதல் நிலைக்குத் திருப்பி, கூட்டில் உள்ள சின்னத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு, உள்ளே இருக்கும் பிடிப்பு ஊசியை அழுத்தினால் சிலிண்டர் அப்படியே கையோடு வந்துவிடும். சாவி ஒரேயடியாகத் திரும்ப மறுத்துவிட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆகவே தடுமாற ஆரம்பித்த வாரத்திலேயே கவனித்தால் செலவும் குறைவு, சேதமும் இல்லை. இடையில் ஓர் இரவு வீட்டு வளாகத்துக்குள் நிறுத்த வேண்டியிருந்தால், சாவியை லாக் நிலைக்குக் கொண்டுபோகாமல் அதற்கு முந்தைய நிலையிலேயே விட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கலாம். வெளியில், தெருவில் நிறுத்தும்போது அப்படிச் செய்ய முடியாது. வண்டியை யாரும் எடுத்துப் போகலாம்.

புதுச் சாவி வெட்டும்போது தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுப்பார்கள். கார் வாங்கியபோது சாவிக்கொத்தோடு வந்த சின்ன உலோகத் தகட்டிலோ, சாவியிலோ, சில நேரம் பூட்டின் மேலேயோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து வெட்டினால்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு திரும்பக் கிடைக்கும். எண் கிடைக்கவில்லை என்றால் நல்ல பூட்டு வேலைக்காரர் சிலிண்டரைப் பிரித்து, தகடுகளை மாற்றி, கையில் இருக்கும் சாவிக்கே பொருத்திக் கொடுப்பார்.

எண்ணெய் விடலாமா என்ற கேள்வி இங்கே வரும். மெல்லிய எண்ணெய் ஸ்பிரே அடித்தால் அன்றைக்குத் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். சில மாதங்களில் உள்ளே கருப்புப் பசை சேர்ந்து தகடுகள் முன்னைவிட மோசமாக ஒட்டும். உலர்ந்த வழுக்குப் பொருள்தான் பூட்டுக்கு நல்லது: கிராஃபைட் தூள், அல்லது டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், ஸ்விட்ச் பின்னாலேயே இருக்கிறது. அதனால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். நான் இக்னிஷனுக்கு டெஃப்லான் வகையைத்தான் போடுவேன். போட்டதும் சாவியைப் பத்துப் பன்னிரண்டு தடவை உள்ளே வெளியே ஓட்டி, ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள். ஏற்கெனவே யாரோ எண்ணெய் விட்ட பூட்டு என்றால், மின் இணைப்புகளுக்கான கிளீனர் ஸ்பிரேயை அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் உலர் ஸ்பிரே அடியுங்கள். அந்தக் கிளீனர் தீப்பற்றக்கூடியது. கதவுகளைத் திறந்து வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கடுங்குளிர் உள்ள இடங்களில் ஈரம் உள்ளே உறைந்தும் பூட்டு மறுக்கும். பூட்டுக்கான பனி நீக்கி ஸ்பிரே போதும். வெந்நீர் ஊற்றினால் அதுவும் உறைந்துவிடும்.

சாவி முழுதாக உள்ளே போகவில்லை

வேறு சாவியைக் கொண்டுவந்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள். சாவி சரிதான் என்றால் டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். தூசி, நூல், முறிந்த சாவித் துண்டு, வளைந்து நிற்கும் முதல் தகடு, இவற்றில் ஒன்று இருக்கும். அழுத்தப்பட்ட காற்றை ஊதி, கிளீனர் அடித்து, மறுபடி முயலலாம். சாவி வளைந்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். மேசையில் தட்டையாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வளைந்த சாவியை நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகிவிடும், எனவே நிமிர்த்தியதும் முதல் வேலையாக எண்ணை வைத்துப் புதிது வெட்டிவிடுங்கள்.

சாவி உள்ளேயே முறிந்துவிட்டது

மீதித் துண்டை உள்ளே தள்ளி, அதை வைத்துத் திருப்பப் பார்க்காதீர்கள். பசையைத் தடவி ஒட்டி இழுக்கும் யோசனையும் வேண்டாம். பசை தகடுகளில் பட்டால் சிலிண்டரே போய்விடும்.

சிலிண்டர் லாக் நிலையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி நுழையும் நிலையில்தான் துண்டும் வெளியே வரும். சற்றுத் திரும்பிய நிலையில் முறிந்திருந்தால், மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் முனையால் சிலிண்டரின் முகத்தை மட்டும் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். பிறகு உலர் ஸ்பிரே கொஞ்சம். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் பிடித்து இழுக்கலாம். உள்ளே இறங்கியிருந்தால் மெல்லிய ரம்பப் பிளேடின் ஒடித்த துண்டை, பற்கள் நம்மைப் பார்த்தபடி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, பற்களில் மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு துண்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். அவற்றைச் சேர்த்து வைத்து வெட்டின் ஆழத்தை அளந்து புதுச் சாவி செய்ய முடியும். சிப் உள்ள சாவி என்றால் தலைப்பகுதியை எறிந்துவிடாதீர்கள், சிப் அதற்குள்தான் இருக்கிறது. சிப் இல்லாத நகல் பூட்டைத் திறக்கும், ஆனால் என்ஜின் ஓடாது.

சாவி ஆன் நிலைக்கு வந்துவிட்டது, விளக்குகள் எரிகின்றன, ஆனால் ஸ்டியரிங் இன்னும் பூட்டியே இருக்கிறது

இந்த அறிகுறி வந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம். ஒரு தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம்.

சிலிண்டர் சுழல்கிறது, ஸ்விட்ச் வேலை செய்கிறது, தாழ் மட்டும் பின்வாங்கவில்லை. சுமையினால் சிக்கியிருந்தால் மேலே சொன்னபடி ஸ்டியரிங்கை நடுவில் பிடித்ததும் உள்ளே டக்கென்று இழுத்துக்கொள்ளும். ஆனால் அப்படி விடுபட்டாலும் நிம்மதி அடைய முடியாது. நல்ல நிலையில் உள்ள பூட்டில் தாழ் பின்வாங்காமல் சாவி அவ்வளவு தூரம் வரவே கூடாது. சிலிண்டருக்கும் தாழுக்கும் நடுவில் உள்ள மேடோ நெம்புகோலோ தேய்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பாகங்கள் பல கார்களில் துத்தநாகக் கலவை வார்ப்பு; வயதாக வயதாக விரிசல் விடும்.

இதில் ஆபத்து என்னவென்றால், தாழை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது ஸ்பிரிங். அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தத் தேய்ந்த பாகம் மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அது விட்டுக்கொடுத்தால் தாழ் தண்டின்மேல் வந்து உட்காரும், நேர்ச்சாலையில் நமக்கு எதுவும் தெரியாது. அடுத்த வளைவில் பள்ளம் நேராக வரும்போது விழுந்துவிடும், வண்டி திரும்பிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பிரேக்கைத் தவிர ஓட்டுநரின் கையில் அப்போது எதுவும் இருக்காது. இதனால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் முன் சக்கரங்களைத் தூக்கியோ லாரியில் ஏற்றியோ. கயிறு கட்டி இழுக்க முடியாது, ஸ்டியரிங் திரும்பாதே.

இதே காரணத்தால், இறக்கத்தில் என்ஜினை அணைத்துச் சாவியைப் பின்னுக்குத் திருப்பி ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். லாக் நிலைக்குப் போவதற்கு முன்னால் பல கார்களில் சாவியை உள்ளே அழுத்த வேண்டும் அல்லது ஒரு பட்டனை அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பது தற்செயலாகப் பூட்டிவிடாமல் இருக்கத்தான். பழைய காரில் அந்தத் தடையும் தேய்ந்திருக்கலாம்.

சாவி வெளியே வரவில்லை

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் நெம்புகோல் பார்க்கில் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்து, ஒருமுறை நியூட்ரலுக்குக் கொண்டுபோய், மறுபடி பார்க்கில் அழுத்தமாகப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். அதில் சரியானால் கியர் கேபிளின் அளவு தளர்ந்திருக்கிறது, அதை இறுக்கிச் சீராக்கினால் போதும். மின்காந்தத்தால் சாவியைப் பிடித்து வைக்கும் கார்கள் சிலவற்றில் பேட்டரி இறங்கினாலும் சாவி சிக்கும். கைக் கியர் காரில் மேலே சொன்ன அழுத்தும் அசைவு மறந்துபோயிருக்கலாம். வண்டியை இரவல் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஸ்வீடன் நாட்டுச் சாப் (Saab) நிறுவனத்தின் பழைய கார்கள் பலவற்றில் சாவித்துளை இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும். அங்கே பூட்டுவது ஸ்டியரிங்கை அல்ல, கியரை. ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வரும்.

சாவி எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறது, அல்லது ஸ்டியரிங் விடுபட்டும் என்ஜின் திரும்பவில்லை

எதிர்ப்பில்லாமல் சுற்றினால் சிலிண்டரின் பின்வால் (தாழையும் ஸ்விட்சையும் இயக்கும் பின்முனை) உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். ஸ்டியரிங் விடுபட்டு, சாவியும் ஸ்டார்ட் வரை போய், எதுவும் நடக்கவில்லை என்றால் பூட்டை விட்டுவிடுங்கள். பேட்டரி, ஃபியூஸ், பிறகு பூட்டின் பின்புறம் இருக்கும் மின் ஸ்விட்ச், இந்த வரிசையில் பாருங்கள். ஸ்விட்ச் பல கார்களில் தனியாகக் கிடைக்கும். அதற்காக முழுப் பூட்டையும் வாங்க வேண்டியதில்லை.

கூட்டையே மாற்ற வேண்டி வந்தால்

தாழ் கெட்டிருந்தால் கூடு முழுவதையும் மாற்றுவதுதான் சரி. தாழை அறுத்து எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. திருட்டுத் தடுப்பு பல நாடுகளில் சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்று. அறுத்த துண்டோ பிசிறோ உள்ளேயே கிடந்து தண்டைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஏர்பேக் உள்ள கார் என்றால் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கூடுதலாகக் காத்திருந்தால் தப்பில்லை. ஏர்பேக்குக்குரிய மஞ்சள் நிற ஒயர்களையும் கனெக்டர்களையும் தொடாமல் வேலை செய்யத் தெரியவில்லை என்றால் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

கூட்டைக் கம்பத்தோடு பிடித்திருப்பது தலை முறியும் போல்ட்கள். பொருத்தும்போது இறுக்கிக்கொண்டே போனால் தலை முறிந்து விழுந்துவிடும், மழுங்கிய உருண்டை மட்டும் மிஞ்சும். திருடன் ஸ்பேனர் போட முடியாதபடி செய்த ஏற்பாடு. கழற்ற, அந்த உருண்டையின் ஓரத்தில் கூர்மையான உளியை வைத்து, அவிழும் திசையில் சின்னச் சின்னத் தட்டல்களாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஏர்பேக் இல்லாத கார்களில் மட்டும். இல்லையென்றால் நடுவில் புள்ளி குத்தி, டிரில் போட்டு, முறிந்த போல்ட் எடுக்கும் கருவியால் அவிழ்க்க வேண்டும். இரும்புத் தூள் கீழே ஒயர்களில் விழாமல் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பழைய சிலிண்டர் நன்றாக இருந்தால் அதையே புதுக் கூட்டில் போடலாம், கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி தொடரும். புதுக் கூட்டைக் கம்பத்தில் வைத்து, போல்ட்களைக் கூடு ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கி, தலைகளை முறிக்காமல் நிறுத்துங்கள். சாவியை உருவி ஸ்டியரிங்கைத் திருப்பினால் தாழ் விழ வேண்டும். சாவி போட்டால் முதல் முயற்சியில் விட வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எங்கும் உரசும் சத்தம் வரக் கூடாது. பத்து முறை பூட்டி, பத்து முறை திறந்து பாருங்கள். பத்தும் தடையில்லாமல் நடந்தால் போல்ட்களை இறுக்கித் தலைகளை முறித்துவிடலாம்.